கூடுதல் நேரம்

எனக்கும் என் தம்பிக்கும் சண்டை என்று வந்தால் அது பெரும்பாலும் அந்த கேம் பெட்டியைப் பற்றித்தான் இருக்கும். அவன் மின்சாதனக் கடையில் விற்பனையாளன். நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசி வாய் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாலும் கடையை மூட மாட்டான்.

"அக்கா, இது வெறும் கேம் பெட்டி இல்ல. படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம், வீடியோ கால் பேசலாம். உடம்பு இளைக்கப் பயிற்சி கூட சொல்லித் தருது. ஒரே பெட்டி, ஒரே ஒயரு. அஞ்சு சாமான் வாங்க வழியில்லாத வீட்டுல இது ஒண்ணு போதும்."

"குடைன்னா மழைக்குப் பிடிக்கணும். அது பாட்டு வேற பாடணுமா?"

"அப்போ உன் ஃபோன்? அது பேசறதுக்கு மட்டுமா இருக்கு?"

"அதனாலதானே பழைய ஃபோனை உடைச்சேன்?"

அதற்கு மேல் அவன் பேச மாட்டான். நான் ஏன் உடைத்தேன் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஃபோனைச் சுத்தியலால் அடிக்கும்போது கூட நின்றவனே அவன்தான்.

ஆனால் போன ஞாயிறு விடவில்லை. பெட்டியின் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது, கேமரா. "இங்க வந்து உக்காரு, ஒரு வேடிக்கை காட்டறேன்" என்று என்னைப் பிடித்து அதன் முன்னால் உட்கார வைத்தான். பொத்தானைச் சுற்றி ஒரு வெளிச்சம் வந்தது. திரையில் எழுத்து ஓடியது. 'வருக, அம்மா.'

"பாத்தியா! பழைய வீட்டுல எப்பவோ பாத்தது, இன்னும் உன் முகத்தை மறக்கல. சின்னப் பிள்ளை பேரைச் சொல்லிப் பெரியவங்க ஏமாத்தவே முடியாது. யார் எதைக் கேட்டாலும், கேக்கறது யாருன்னு இதுக்குத் தெரியும்."

எனக்குப் பிடிக்கவில்லை. சட்டென்று எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டேன். தம்பி சிரித்தான். என் மகளும் சிரித்தாள். அவளை வீட்டில் குருவி என்றுதான் கூப்பிடுவோம், ஒன்பது வயது. அவள் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டதை அன்று நான் கவனிக்கவில்லை.

நாங்கள் ஊர் மாறி வந்து ஒரு வருடம் ஆகப் போகிறது. யாரிடமிருந்து வந்தோம் என்றால், என் கணவனிடமிருந்து. 'அவன்' என்று சொல்லிப் பழகுகிறேன். இன்னும் வாய் தவறி 'அவர்' என்று வந்துவிடுகிறது. ஊரில் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். அதிர்ந்து பேச மாட்டான். வாசற்கதவுக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பான், அவ்வளவுதான். நான் கடைக்குப் போக இருபது நிமிடம் கொடுப்பான். குளிக்க இருபது நிமிடம். என் அம்மாவோடு ஃபோனில் பேச இருபது நிமிடம். கொடுத்ததும் நான் நன்றி சொல்ல வேண்டும். தாண்டினால் என்ன நடக்கும் என்பதை என் இடது மணிக்கட்டு சொல்லும், அது இன்றைக்கும் முழுதாக மடங்காது. ஒருமுறை காவல் நிலையத்துக்குப் போனேன். எழுதிக்கொண்டார்கள், அனுசரித்துப் போகச் சொன்னார்கள். அன்று மாலை அவனே வந்து என்னை அழைத்துப் போனான், அங்கிருந்த எல்லோருக்கும் வணக்கம் வைத்துவிட்டு.

அதனால் கிளம்பும்போது ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஃபோன் போயிற்று, எண் போயிற்று, வங்கிக் கணக்கு போயிற்று. வேலையையும் மாற்றினேன். கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள் இப்போது ஒரு சலவைக்கூடத்தில் விடுதிகளின் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்துக்குள் விடுகிறேன். அங்கே நீராவிக்குள் ஆள் முகமே தெரியாது. அது எனக்கு வசதியாக இருந்தது. முன்பக்கக் கண்ணாடிக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் விரிப்பின் நுனியை விட்டுவிடுவேன். எதிர்முனையைப் பிடிக்கும் அக்கா, "மறுபடி பேயைப் பாத்தியா?" என்பாள்.

எல்லாவற்றையும் உடைத்தவள் இந்தப் பெட்டியை மட்டும் விட்டுவைத்தேன். குருவியின் பிறந்த நாளுக்கு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. குருவி பள்ளிப் பையில் புத்தகங்களை எடுத்துப் போட்டுவிட்டு அதைத் திணித்துக்கொண்டு வந்திருந்தாள். தம்பி பெட்டியில் புதுக் கணக்கு தொடங்கலாம் என்றான். தொடங்கினால் விளையாட்டில் அவள் வளர்க்கும் வெள்ளைக் குதிரை போய்விடுமாம். வீடு போச்சு, தோழிகள் போனார்கள், குதிரையும் போகணுமா என்று பிள்ளை தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. பொம்மை மாதிரி ஒரு சாமான், அது யாரை என்ன செய்துவிடும்? "இருந்துட்டுப் போகட்டும்டா" என்றேன்.

நேற்றுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நேற்று சலவைக்கூடத்தில் கொதிகலன் பழுதாகிவிட்டது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக இருட்டும் நேரத்துக்குத்தான் வருவேன். குருவி தெருமுனைப் பள்ளியிலிருந்து தானே வந்து, தானே கதவைத் திறந்து, நான் வரும்வரை விளையாடிக்கொண்டிருப்பாள். நேற்று நான் முன்னாலேயே வந்து, சமையலறையில் உட்கார்ந்து பழைய துணிகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து சீருடையைக்கூட மாற்றாமல் பெட்டியின் முன் உட்கார்ந்தாள். வெயில் ஜன்னல் வழியாக அவள் முதுகில் விழுந்திருந்தது. வீடு அமைதியாக, நல்ல வீடாக இருந்தது.

ஒரு மணி நேரம் ஆனதும் விளையாட்டு தானாக நின்றது. தம்பி வைத்த கட்டுப்பாடு என்று மனசுக்குள் அவனைப் பாராட்டிக்கொண்டேன். வாயாடியாக இருந்தாலும் காரியக்காரன்.

குருவி திரையில் எதையோ அழுத்திவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதுகை நேராக வைத்துக்கொண்டு, தலைமை ஆசிரியர் அறை வாசலில் காத்திருப்பதுபோல. சற்று நேரத்தில் ஒரு மணியோசை கேட்டது.

'கூடுதல் நேரம் வழங்கப்பட்டது: முப்பது நிமிடம்.'

"என்னடி அது?"

அவள் துள்ளி விழுந்தாள். நான் வீட்டில் இருப்பதையே மறந்திருக்கிறாள். "ஒண்ணுமில்லம்மா. டைம் கேட்டேன். கொடுத்துச்சு."

"எது கொடுத்துச்சு?"

"பெட்டிதான்."

தம்பிக்கு ஃபோன் செய்தேன், சிரித்துக்கொண்டேதான். "ஏண்டா, ஒரு மணி நேரம்னு வச்சியே, கேட்ட உடனே அரை மணி தூக்கிக் கொடுத்துடறியே. நீ மாமனா, வள்ளலா?"

அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. பிறகு அவன், "நான் ஒண்ணும் வைக்கலையேக்கா" என்றான்.

"விளையாடாதே."

"சத்தியமா வைக்கல. என் ஃபோன்ல அந்த ஆப்பே இல்ல."

ஊசியைத் துணியில் குத்தி வைக்கப் போனேன். விரலில்தான் குத்திக்கொண்டேன். "அப்போ யாருடா கொடுக்கறா?"

அவன் கடைக்கு வெளியே வந்துவிட்டான் என்று சத்தம் குறைந்ததிலிருந்து தெரிந்தது. குரலில் விற்பனையாளன் இல்லை. "அக்கா, நான் சொல்றபடி செய். ரிமோட்டை வாங்கு. கேமராவுக்கு முன்னாடி நிக்காத, பக்கவாட்டுல நில்லு. மேல குடும்பம்னு இருக்கும். அதுக்குள்ள போ."

போனேன். மூன்று வட்டங்கள் இருந்தன. ஒன்றில் என் பழைய படம், கீழே 'அம்மா'. இன்னொன்றில் குருவியின் படம், கீழே 'குழந்தை'. மூன்றாவதில் என் கணவன். மாலை போட்ட ஏதோ விழாப் படம், மூடிய உதட்டுச் சிரிப்பு. கீழே 'குடும்பத் தலைவர்'. பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி.

"பச்சைப் புள்ளின்னா என்னடா?"

"இப்போ பாத்துட்டு இருக்கார்னு அர்த்தம்."

கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தால் அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்தேன். பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் பாத்திரத்தைக் கீழே வைத்த மாதிரியே, ஓசையில்லாமல் வைத்தேன்.

"இன்னும் ஒண்ணு பாரு" என்றான் தம்பி. "மகிழ்ச்சித் தருணங்கள்னு ஒரு இடம்."

பெயரைப் பாருங்கள். குருவி ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும் பெட்டி தானாகவே அவள் முகத்தைப் படம் பிடித்து, துண்டு துண்டாக அடுக்கி வைத்திருந்தது. குடும்பத் தலைவரோடு பகிரப்பட்டது என்று ஒவ்வொன்றின் கீழேயும் இருந்தது. திறந்தேன். என் பிள்ளை சிரிக்கிறாள். சட்டைப் பையில் பள்ளியின் முத்திரை, பெயரோடு தெளிவாகத் தெரிகிறது. பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடை மாடியில் ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்திருக்கும் மஞ்சள் டயர். இந்த ஊரிலேயே அப்படியொரு டயர் இங்கே மட்டும்தான் இருக்கிறது. நான் யாருக்காவது வழி சொன்னாலும் அந்த டயரைத்தான் அடையாளம் சொல்வேன். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் ஒரு கண். பார்த்தாயிற்று என்று அர்த்தமாம். தலைவர் இருக்கும் இடம் மட்டும் மறைக்கப்பட்டிருந்தது.

"எத்தனை நாளா?" என்று தம்பி கேட்டான்.

"வந்த நாள்லேந்து."

"அப்போ ஏன் இன்னும் வரல?"

அவன் கேட்ட கேள்விக்கு எனக்குத்தான் பதில் தெரியும். குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்பவன் கதவைத் தட்ட மாட்டான். தட்டாமல் நிற்பான். உள்ளே இருப்பவளுக்கு அவன் நிற்பது தெரிய வேண்டும், தண்ணீர் விடும் சத்தம் மாற வேண்டும், அதுதான் அவனுக்கு வேண்டியது. வரவேண்டும் என்று தோன்றும் நாளில் வருவான். நான் மிச்சம் வைத்த ஒரே ஒரு சாமான் வழியாக அவன் ஒரு வருடமாக என் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பெட்டியை ஜன்னல் வழியாக அந்த டயர்மேல் விட்டெறிய வேண்டும்போல் இருந்தது. ஒயரைப் பிடித்தேன்.

"பிடுங்காதே!" தம்பி என் மூச்சைக் கேட்டே புரிந்துகொண்டான். "பிடுங்கினா, பெட்டி அணைஞ்சிடுச்சுன்னு அந்தாளுக்குச் செய்தி போகும். அந்தாள் இந்த ஊர்ல இருந்தா? தெருவுலயே இருந்தா? பிள்ளை விளையாடிட்டு இருக்கான்னே நினைக்கட்டும். நீங்க வெளிய வந்துடுங்க. நான் பஸ் நிலையத்துக்கு வந்துடறேன், அங்கேந்து எங்கேயாவது போயிடலாம்."

சரிதான். அந்தப் பெட்டி அன்று ஒரு நாளாவது விளையாட்டு மட்டும் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

சலவைக்கூடத்து வேன் அண்ணனைக் கூப்பிட்டேன். கொதிகலன் பழுதானதால் அவரும் சும்மாதான் இருந்தார். ஏன் எதற்கு என்று கேட்காமல், பின்சந்துக்கு வருகிறேன் என்றார். குருவியிடம் நான் ஒன்றும் விளக்கவில்லை. "செருப்பு போடு, பேசாதே" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பிள்ளை அவள், வாய் ஓயாது. அன்று ஒரு வார்த்தை பேசாமல் விளையாட்டை ஓட விட்டுவிட்டு எழுந்தாள். திரையில் வெள்ளைக் குதிரை தனியாகப் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு பைகளில் துணியை அள்ளித் திணித்தேன். சான்றிதழ்கள், அவளுடைய இருமல் மருந்து, என் சம்பள அட்டை. பூட்டைத் தேடினேன். கையில் பூட்டை வைத்துக்கொண்டே பூட்டைத் தேடினேன். அதற்குள் அந்த அரை மணியும் தீர்ந்துவிட்டது. திரை இருண்டு, குதிரை அப்படியே நின்றது. 'நேரம் முடிந்தது. கூடுதல் நேரம் வேண்டுமா?'

வேன் இன்னும் வரவில்லை. குருவி வாசலில் குனிந்து செருப்பின் பட்டையோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். கேட்காமல் விட்டால் பிள்ளை எழுந்து போய்விட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஓடிப்போய் பெட்டியின் முன் மண்டியிட்டு, 'வேண்டும்' என்பதை அழுத்தினேன்.

காத்திருந்தேன். நானும் முதுகை நேராக வைத்துக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் காத்திருந்தேன். பதில் வரவில்லை. கீழே சந்தில் ஒரு வண்டி வந்து நின்றது. அது வேனா, வேறு வண்டியா? படியில் யாரோ ஏறுவதுபோல் இருந்தது. மூச்சை அடக்கிக் கேட்டேன், மேல்மாடிக்காரர் தண்ணீர்க் குடம் எடுத்துப் போகிறார். மணியோசை கேட்டது.

'கூடுதல் நேரம் வழங்கப்பட்டது: இருபது நிமிடம்.'

அப்பாடா என்று இருந்தது. உயிர் திரும்பி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாய் தானாகவே "நன்றிங்க" என்று முணுமுணுத்தது. குதிரை மறுபடி நடக்கத் தொடங்கியது. கதவை இழுத்துப் பூட்டினேன், பிள்ளையின் கையைப் பிடித்தேன், பின்படி வழியாக இறங்கி ஓடினேன்.

வேனின் பின்பக்கத்தில் ஜன்னல் கிடையாது. துவைக்காத விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே என்னையும் பிள்ளையையும் உட்கார வைத்து, அண்ணன் கதவைச் சாத்தினார். முன்னால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் சின்னதாக ஒரு வலைத்தடுப்பு, அதன் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவர் நிதானமாக ஓட்டினார். ஒவ்வொரு குலுக்கலிலும் மூட்டைகள் எங்கள்மேல் சாய்ந்தன. தப்பித்துவிட்டோம் என்று நான் நம்பத் தொடங்கினேன். குருவியின் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பிள்ளையின் உடம்பு விறைத்தே இருந்தது.

"அம்மா, கொடுத்தாரா?"

"எது?"

"டைம். நீ கேட்டியே. கொடுத்தாரா?"

பெட்டிதான் கொடுக்கும் என்று சொன்னவள் இவள். நான் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன். "யாரு கொடுத்தாரா?"

"அப்பா."

"உனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினாள். "முதல்லயே தெரியும். பெட்டில எழுதி அனுப்பினாரு. படிச்ச உடனே அழிஞ்சிடும். தினமும் டைம் கேக்கணும்னாரு. கேட்டுட்டே இருந்தா வரமாட்டாராம். கேக்காத அன்னைக்கு வருவாராம். உன்கிட்ட சொன்னாலும் வருவாராம்."

"அதுக்காகவா தினமும்…"

"ஜுரம் வந்தப்போ கூட கேட்டேன்மா. நீ திட்டினியே." உதடு கோணிக்கொண்டது. "எனக்கு அந்தக் குதிரை போன வருஷமே போரடிச்சிடுச்சு."

ஒரு வருடமாக என் பிள்ளை விளையாடவே இல்லை. நான் நீராவிக்குள் ஒளிந்துகொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்ட நேரத்தில், அவள் தனியாக உட்கார்ந்து, பள்ளி விட்ட களைப்போடு, எனக்காகக் காவல் காத்திருக்கிறாள். "எப்பப் பாரு அந்தப் பெட்டிதானா?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இனிமே கேக்க வேண்டாம்டா கண்ணு. அம்மா இருக்கேன். நாம வந்துட்டோம்."

"எவ்ளோ கொடுத்தாரும்மா?"

"இருபது நிமிஷம்."

குருவி என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். வலைத்தடுப்பின் வெளிச்சத்தில் அவள் கண்கள் மட்டும் தெரிந்தன.

"எனக்கு எப்பவும் அரை மணிதானேம்மா கொடுப்பாரு?"

நான் மண்டியிட்ட இடம் பெட்டிக்கு நேர் எதிரே. பொத்தானைச் சுற்றி வெளிச்சம் வந்ததா? வந்திருக்கும். கேக்கறது யாருன்னு இதுக்குத் தெரியும் என்று தம்பி சொன்னானே. 'அம்மா கேட்கிறார்' என்று செய்தி போயிருக்கும். அவர் அதைப் படித்திருப்பார். பதில் வரத் தாமதமானது அதனால்தான். பிறகு, கடைக்குப் போகக் கொடுத்ததைப்போல, குளிக்கக் கொடுத்ததைப்போல, எனக்கென்று உள்ளதை எனக்குக் கொடுத்திருக்கிறார்.

வேன் எங்கோ நின்றது. வெளியே வண்டிகளின் ஹாரன் சத்தம்.

"சிக்னல்மா, கொஞ்சம் கூட்டமா இருக்கு" என்றார் அண்ணன் முன்னாலிருந்து.

வலைத்தடுப்பைப் பிடித்துக்கொண்டேன். என் குரல் அந்தப் பழைய வீட்டில் இருந்த குரலாகவே வெளியே வந்தது.

"அண்ணே, நாம கிளம்பி எத்தனை நிமிஷம் ஆச்சு?"